பாடம் படிப்பித்தல்

ஒருவனுக்குப் பாடம் படிப்பித்தல் என்னும் தொடர் ஆங்கிலத்தில் இரு பொருளில் வழங்குகின்றது. ஒன்று கல்வி, மற்றையது அடியும் தண்டனையும். தமிழிலும் இவ்விரு பொருளும் உள. “அவனுக்கு நல்ல பாடம் படிப்பிக்க வேண்டும்” என்று சந்தியில் ஒருவன் சொன்னால், இலக்கணம் கற்பிக்கப் போகின்றான் என்று எவரும் கருதார். வன்முறை ஆசிரியனின் தொழிற்சொல்லை இரவல் வாங்கியது ஏன்?

அடிக்கிறேன் என்பவனிடம் நியாயம் கேட்கலாம். படிப்பிக்கிறேன் என்றதும் அறிவு அவன் பக்கமும் அறியாமை அடிபடுபவன் பக்கமும் முன்கூட்டியே பங்கிடப்பட்டு விடுகின்றன.

1919 ஏப்பிரல் 13இல் அமிர்தசரஸ் ஜாலியன்வாலா பாக்கில் ஜெனரல் டயரின் படையினர் எச்சரிக்கையின்றி 1,650 குண்டுகளைச் சுட்டனர். அரசாங்கக் கணக்கின்படியே 379 பேர் மாண்டனர். சுடாமலே கூட்டத்தைக் கலைத்திருக்கக் கூடும் என்று டயர் பின்னர் விசாரணைக் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். பஞ்சாப் முழுவதன் மனத்திலும் அச்சத்தைப் பதிப்பதே அவர் நோக்கம். அதாவது, பாடம் படிப்பித்தல். மக்கள் கற்றதோ வேறு. அவ்வாண்டே தாகூர் ‘சேர்’ பட்டத்தைத் துறந்தார். அடுத்த ஆண்டில் ஒத்துழையாமை இயக்கம் எழுந்தது.

இஃது ஏகாதிபத்தியத்தின் மொழி என்று ஒதுக்கிவிட்டு நாம் ஆறுதல் கொள்ளவும் இயலாது. 1979 பெப்ரவரியில் சீனப் படைகள் வியட்நாமுக்குள் புகுந்தபோது, டெங் சியாவோ பிங் கூறிய நோக்கமும் வியட்நாமுக்குப் பாடம் படிப்பிப்பதே. செங்கொடி ஏந்திய இரு நாடுகளுள் ஒன்று ஆசானாயிற்று. மற்றையது அடிவாங்கும் மாணவனாயிற்று.

அச்சம் மனிதனைத் திருத்தாதா என்று கேட்கலாம். அச்சம் கையைத் தடுக்கும், கருத்தை மாற்றாது. கல்வி நிகழ்வதன் அடையாளம் மாணவன் எழுப்பும் கேள்வி. அடி அக்கேள்வியையே அடக்குகின்றது. பிரம்படியோடு கணக்குப் படித்தவன் கணக்கை மறக்கலாம். வலியவன் மெலியவனை அடிக்கலாம் என்பதை மறவான். நம் பாடசாலைகளில் உடற்றண்டனையைத் தடைசெய்யும் கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005இல் வந்தது. தொடரைத் தடைசெய்யச் சுற்றறிக்கையால் இயலாது. அது நம் கடன்.

அநீதியை எதிர்த்து நிற்றல் வேறு. எதிரியை அடித்துத் திருத்தப் புறப்படுதல் வேறு. முன்னையதற்குப் போராட்டம் என்னும் நல்ல சொல் நம்மிடம் உண்டு. நம் மேடைகளில் அதனையே வழங்குவோம். அடியை அடியென்றே சொல்வோம். அப்பொழுதுதான், ஏன் அடித்தாய் என்று கேட்க இடமிருக்கும்.