ஒண்ணுமில்ல தாயி

விடிகாலை நாலரை மணிக்கு ஒரு அப்பத்தாவை ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். எண்பதை நெருங்கிய வயது. கொல்லையில் விழுந்து நெற்றியோரம் புடைத்திருந்தது. “ஒண்ணுமில்ல தாயி, என் விதி, விழுந்துட்டேன். வீட்டுக்கு அனுப்பிரு” என்றார்.

மதுரைப் பக்கம் அவசர சிகிச்சைப் பிரிவில் இருபத்திரண்டு வருடமாகச் செவிலியாக இருக்கிறேன். பெரியவர்கள் சொன்னால் நம்ப வேண்டும், அதுதான் மரியாதை என்று வளர்ந்தவள். இந்த வாசலுக்குள் அதே மரியாதை உயிரை வாங்கிவிடும். வயதாக ஆக மூளை கொஞ்சம் சுருங்குகிறது. மண்டையோட்டுக்கும் அதற்கும் நடுவே ஓடும் சிறு ரத்தக்குழாய்கள் இழுபட்டு நிற்கின்றன. லேசான இடியில் ஒன்று அறுந்தால்கூட ரத்தம் நிதானமாகக் கசிய அங்கே இடமிருக்கிறது. அதுவரை ஆள் பேசுவார், காபி கேட்பார். நாடியையும் நம்ப முடியாது. அழுத்தத்துக்கு அட்டெனோலால் மாத்திரை சாப்பிடுகிறவருக்கு உடம்புக்குள் வேறெங்காவது ரத்தம் கசிந்தாலும் துடிப்பு எகிறாமல் போகலாம். எப்போதும் 160 இருக்கிற அழுத்தம் 110 காட்டினால், தாளில் அது நல்ல எண்; அவருக்கோ சரிவு.

விழுந்து தலையில் அடிபட்டபோது என் அப்பாவும் “ஒண்ணுமில்லம்மா” என்றுதான் சொன்னார். ஒரு மருத்துவமனையில் தையல் போட்டு அனுப்பினார்கள், நானும் நம்பினேன். மூன்று வாரம் கழித்து வேட்டி கட்டத் தெரியாமல் நின்றார். என்னைத் தங்கச்சி பெயரால் கூப்பிட்டார்.

தலையில் அடிபட்டு நினைவு தப்பியவர்களில் யாருக்கு ஸ்கேன் வேண்டும் என்று 2001-இல் கனடா மருத்துவர்கள் ஒரு விதி வகுத்தார்கள். 65 வயது என்பதே அதில் ஓர் ஆபத்துக் குறி. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களை அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. நமக்கோ மருத்துவர்கள் வகுத்ததற்கும் தலையெழுத்துக்கும் ஒரே சொல்: விதி. நான் சாமி கும்பிடுகிறவள். விழவைத்தது அவன் என்றால், விழுந்தவரை நம்பாதே, பார் என்று என்னிடம் சொல்வதும் அவன்தான் என்றே எடுத்துக்கொள்கிறேன்.

அப்பத்தாவின் மஞ்சப்பையில் ரத்தம் உறையாமலிருக்கச் சாப்பிடும் வார்ஃபரின் மாத்திரை அட்டை இருந்தது. ஸ்கேனில் கசிவு இல்லை. “அதான் ஒண்ணுமில்லைன்னு அப்பவே சொன்னாங்களே” என்று மகன் சலித்துக்கொண்டார். ஒரு நாளாவது வைத்துப் பார்க்க வேண்டும் என்றேன். அவர் டீ வாங்கப் போனதும் கட்டிலருகே உட்கார்ந்து கேட்டேன்: “வழுக்குச்சா ஆத்தா, கிறுகிறுன்னு வந்துச்சா?”

வாசல் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். “கிறுகிறுன்னுதான் தாயி வந்துச்சு. இந்த மாசம் இது மூணாவது தடவ. அவன்கிட்டச் சொல்லிராத, பாவம், வேலைக்குப் போற புள்ள.”