மூன்றாம் பொத்தான்

ஒப்புரவு அருட்சாதனத்தில் அமர்ந்து கேட்கும் குருக்கள் அனைவரும் அறிந்த ஒன்று உண்டு. "கோபத்தில் அடித்துவிட்டேன், சாமி" என்று சொல்பவர் அது எந்த நாள், எந்த இடம் என்பதையும் கேளாமலே சொல்லிவிடுகிறார். "என் தாயைக் கவனிக்காமல் இருந்துவிட்டேன்" என்று சொல்பவரோ, எப்போது என்று கேட்டால் திகைக்கிறார். மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தில் இடப்பக்கம் நிறுத்தப்பட்டவர்களும் அரசரிடம் இதையேதான் கேட்கிறார்கள். நோயுற்றிருந்த உம்மை எப்போது கண்டு, எப்போது பணிவிடை செய்யாது போனோம் என்கிறார்கள். அவர்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. உண்மையாகவே அவர்களுக்குத் தெரியவில்லை.

கடமை தவறியதன் நாள் எது என்ற இந்தக் கேள்விக்கு எனக்கு ஒரு விடை கிடைத்தது. அதனை எனக்குக் கற்பித்தது குருமடத்து நூலகம் அன்று. நான்கு பொத்தான்கள் உடைய ஒரு சிறு மின்னணுக் கருவி.

1996இல் அமெரிக்காவில் 'பைலட்' என்ற கையடக்க நாட்குறிப்புக் கருவி வெளிவந்தது. பின்னர் 'பாம்' என்ற பெயரே அதற்கு நிலைத்தது. ஆங்கிலத்தில் அச்சொல் உள்ளங்கையையும் குறிக்கும், பனையையும் குறிக்கும். ஓலையில் எழுதிய மரபினராகிய நமக்கு இரண்டுமே பொருந்தும். அதனை வடிவமைத்த ஜெஃப் ஹாக்கின்ஸ், கருவி உருவாகும் முன்பே அதே அளவில் ஒரு மரக்கட்டையைச் செய்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவர். யாரேனும் ஒரு நாளில் சந்திக்க இயலுமா என்று கேட்டால், கட்டையை வெளியே எடுத்து ஒரு குச்சியால் அதன்மேல் எழுதுவதுபோல் பாவனை செய்வார். கண்டவர்கள் சிரித்திருப்பார்கள். ஆனால் எது எத்தனை அழுத்தத்தில் கைக்கு வரவேண்டும் என்பதை அவர் அந்த மரக்கட்டையைக் கொண்டே ஆராய்ந்தார்.

அந்த ஆராய்ச்சியின் பயனாக அமைந்தவைதாம் கருவியின் அடிவிளிம்பில் இருந்த நான்கு பொத்தான்கள். முதலாவது நாட்காட்டி, இரண்டாவது முகவரிகள், மூன்றாவது செய்யவேண்டியவற்றின் பட்டியல், நான்காவது குறிப்பேடு. கருவி அணைந்திருந்தாலும் மூன்றாம் பொத்தானை அழுத்தினால் போதும். அது விழித்துக்கொண்டு நேராகப் பட்டியலைக் காட்டும். தேடுதல் இல்லை, காத்திருத்தலும் இல்லை.

பொத்தானின்மேல் பொறித்த படம் மாறாது. ஆனால் அது திறக்கும் கதவை உரிமையாளர் மாற்றிக்கொள்ளலாம். அதற்கான வசதியைத் தயாரித்தவர்களே கருவிக்குள் வைத்திருந்தார்கள். அது போதாது என்று எண்ணியவர்களுக்கு வெளியார் எழுதிய துணை மென்பொருள்களும் கிடைத்தன. 'ஹேக்மாஸ்டர்' என்ற மென்பொருளின் துணையோடு இயங்கிய சிறு நிரல்கள், பொத்தானின் அழைப்பு உரிய இடத்தைச் சேருமுன் அதனை இடைமறித்து வேறு இடத்திற்குத் திருப்பிவிடும். இவற்றால், ஒரு பொத்தானை அழுத்தியபின் மற்றொன்றை அழுத்தினால் வேறொரு பக்கம் திறக்கும்படியும் செய்துகொள்ளலாம். நான்கு பொத்தான்களைக் கொண்டு பல கதவுகளைத் திறக்கும் இந்தத் தந்திரம் அக்காலத்தில் பலரையும் மயக்கியது. மயங்கியவர்களில் நானும் ஒருவன்.

உரோமையில் மேற்படிப்பு முடித்துத் திரும்பிய குருமட நண்பர் ஒருவர் 2002இல் தாம் பயன்படுத்திய கருவியை எனக்குத் தந்தார். அப்போது நான் வேறொரு பங்கில் துணைப் பங்குத்தந்தையாக இருந்தேன். மூன்றாம் பொத்தானுக்குரிய பட்டியலில் நான் இட்டவை பெரும்பாலும் நோயாளிகளின் பெயர்களே: முதல் வெள்ளியன்று நற்கருணை கொண்டுசெல்ல வேண்டியவர்கள், நோயில் பூசுதல் பெற விரும்புவோர், கிளைக் கிராமங்களில் படுக்கையில் கிடப்போர். தொடக்கத்தில் அது மிகவும் பயன்பட்டது.

பிறகு துணை மென்பொருளை ஏற்றினேன். அக்காலத்தில் என் மறையுரைகளைப் பலரும் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டு எனக்கு இனித்தது என்பதை இப்போது ஒளிப்பதில் பயனில்லை. சாலையில் போகும்போதும் எண்ணம் தோன்றும். அதனை உடனே எழுதிவைக்க வேண்டும். ஆகவே என் கட்டைவிரலுக்கு மிக எளிதாய் எட்டிய மூன்றாம் பொத்தானை மறையுரைக் குறிப்புகளுக்கு ஒதுக்கினேன். நோயாளிகளின் பட்டியலை நான் அழிக்கவில்லை. மூன்றாவதை அழுத்திப் பின் நான்காவதை அழுத்தினால் அது வரும்படி அமைத்தேன். ஓர் அழுத்தம் மட்டுமே கூடுதல். அன்றிரவு அந்த அமைப்பின் அழகில் நானே மகிழ்ந்துபோனேன்.

அடுத்து நடந்ததை வாசகர் ஊகித்திருப்பர். கிளைக் கிராமம் ஒன்றில் இருந்த மூதாட்டி ஒருவரின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்தது. ஒரு முதல் வெள்ளி கடந்தது, இன்னொன்றும் கடந்தது. நான் எங்கும் ஊர்சுற்றவில்லை, மறையுரைகளைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். அவர் இறந்த செய்தியோடு மகன் வந்தபோது அவர் முகத்தில் கோபமே இல்லை. "அம்மா கேட்டுக்கிட்டே இருந்தாங்க, சாமி. சாமிக்கு வேலை அதிகம்னு நான்தான் சொல்லி வெச்சேன்" என்றார். அடக்கத் திருப்பலியில் நான் ஆற்றிய மறையுரை நன்றாக இருந்தது என்று மக்கள் சொன்னார்கள்.

அன்று முதல் என்னை நானே விசாரித்தேன். அந்த மூதாட்டியைப் பார்க்கப் போகவேண்டாம் என்று நான் எந்த நாளில் முடிவு செய்தேன்? எந்த நாளிலும் இல்லை. அவர் நினைவு வந்து, அதனை நான் ஒதுக்கித் தள்ளிய கணம் என்று ஏதேனும் உண்டா? அதுவும் இல்லை. அறிவும் விருப்பமும் இல்லாத இடத்தில் பாவம் இல்லை என்பது நாம் மறைக்கல்வியில் படித்த பாடம். அப்படியானால் நான் குற்றமற்றவனா?

இந்த இடத்தில் தோமா அக்குவினார் என்னை விடவில்லை. கடமை தவறுதலைப் பற்றி 'இறையியல் சுருக்கத்தில்' ஆராயும்போது அவர் துறவு மடத்தைச் சார்ந்த ஓர் எளிய எடுத்துக்காட்டைத் தருகிறார். ஒருவர் இரவில் நெடுநேரம் விழித்திருக்க விரும்புகிறார். அதன் விளைவாக வைகறைச் செபத்திற்குக் கோவிலுக்குப் போகாமல் விடுகிறார். செப வேளையில் அவர் எதையும் விரும்பவில்லை, மறுக்கவுமில்லை, தூங்குகிறார். ஆயினும் அந்தத் தவறுதலுக்கு வேர் இரவில் இருந்தது. இதனை அறநெறி இறையியலார் 'காரணத்தில் விருப்பம்' என்பர். குருமடத்தில் இதனைத் தேர்வுக்காக மனனம் செய்தேன். எடுத்துக்காட்டு எனக்குச் சற்றுச் சிறுபிள்ளைத்தனமாகக்கூடத் தோன்றியது. கருவியைக் கையில் பிடித்து நின்றபோதுதான் அதன் பொருள் விளங்கியது. என் தவறுக்கு ஒரு நாள் இருந்தது. அது முதல் வெள்ளி அன்று. பொத்தானை மாற்றியமைத்து நான் மகிழ்ந்த அந்த இரவே அது.

அழுத்தும் வேளையில் நாம் பெரும்பாலும் சிந்திப்பதில்லை. விரல் தன் வழியை அறியும். மனம் அதன் பின்னே செல்லும். ஆகவே அழுத்தும் வேளையில் நம் சுதந்தரத்தைத் தேடினால் மிகக் குறைவாகவே கிடைக்கும். எது முதலில் வரவேண்டும், எது இரண்டாம் அழுத்தத்திற்குப் பின் நிற்கவேண்டும் என்று அமைதியாக உட்கார்ந்து ஒழுங்கு செய்யும் வேளையில்தான் நாம் முழுச் சுதந்தரம் உடையவர்களாய் இருக்கிறோம். அன்பிலும் ஓர் ஒழுங்கு வேண்டும் என்று அகுஸ்தினார் வலியுறுத்தியதும் இதன்பொருட்டே எனலாம். நான் தீயதை விரும்பவில்லை. நல்லதொன்றை எடுத்து இன்னொரு நல்லதன் இடத்தில் வைத்தேன், அவ்வளவே. சதுரங்க விளையாட்டை அங்கே வைத்திருந்தால் என் மனச்சான்று ஒருவேளை விரைவில் விழித்திருக்கும். மறையுரையை வைத்ததால் அது நிம்மதியாக உறங்கிற்று.

அந்தக் கருவிகளின் காலம் முடிந்துவிட்டது. பாம் நிறுவனம் 2010இல் வேறொரு பெரிய நிறுவனத்திற்கு விற்கப்பட்டது. அடுத்த ஆண்டே அதன் வழிவந்த கருவிகளின் உற்பத்தி நின்றது. ஆனால் கேள்வி முடியவில்லை. 2017இல் வந்த சாம்சங் கைப்பேசி ஒன்றில், அந்நிறுவனத்தின் குரல் உதவியாளரை மட்டுமே அழைப்பதற்காகத் தனிப்பொத்தான் ஒன்று வைக்கப்பட்டது. பயனாளர்கள் துணை மென்பொருளால் அதனை வேறு பணிக்குத் திருப்பினார்கள். நிறுவனம் அவ்வழியை அடைத்தது. 2019இல்தான் வேறு செயலிகளைத் திறக்கவும் அப்பொத்தானைப் பயன்படுத்திக்கொள்ள அதுவே இசைந்தது. ஒரு விரல் நுனியளவு இடத்திற்காக இத்தனை இழுபறி ஏன்? முதல் அழுத்தத்தில் இருப்பதே மனிதரின் நாளை ஆள்கிறது என்பதை வணிகர்கள் நன்கு அறிவார்கள். ஞான ஆலோசகர்களாகிய நாம்தாம் அதைச் சற்றுத் தாமதமாகக் கற்கிறோம்.

என் கையிலிருந்தது ஒருவனுக்கேயான கருவி. பலர் சேர்ந்து வாழும் இடத்தில் முதல் அழுத்தத்தை அமைப்பவர் யார்? நம் நாட்டில் இக்கேள்வியை எழுப்பிய கருவி ஒன்று இருந்தது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்கள் சிலரும் என்கோர் என்ற மென்பொருள் நிறுவனத்தாரும் சேர்ந்து உருவாக்கிய சிம்ப்யூட்டர் 2004இல் விற்பனைக்கு வந்தது. ஒரு கிராமத்தார் ஒரே கருவியைப் பகிர்ந்துகொள்ளவேண்டும். அவரவர் விவரங்களை அவரவர் அட்டையில் வைத்துக்கொண்டு, தம் முறை வரும்போது அட்டையைச் செருகவேண்டும் என்பது அதன் கருத்து. எண்ணிய அளவில் அது பரவவில்லை. ஆயினும் பொதுக் கருவி ஒன்றில் ஒவ்வொருவருக்கும் முதல் அழுத்தம் உண்டு என்ற அந்த எண்ணம் மதிக்கத்தக்கது.

ஊர் முழுவதற்குமான ஒழுங்கமைப்பு என்றால் உத்திரமேரூரில் வாழ்பவன் நெடுந்தொலைவு போகவேண்டியதில்லை. வைகுண்டப் பெருமாள் கோவில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு உள்ளன. ஒன்று 919ஆம் ஆண்டினது, மற்றொன்று 921ஆம் ஆண்டினது. முப்பது குடும்புகளிலிருந்து ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றிற்கு ஆளெடுக்கும் குடவோலை முறையை அவை விரிக்கின்றன. முந்தைய மூன்றாண்டுகளில் வாரியத்தில் இருந்தவர் மீண்டும் வரலாகாது. கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் வரலாகாது. குடத்திலிருந்து ஓலையை எடுப்பவன் ஒரு சிறுவன். அதனை வாங்கும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்கவேண்டும். தம் கை சபலப்படும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் அந்த வேளையின் நல்லெண்ணத்தை நம்பாமல், முன்கூட்டியே அமைத்தார்கள். அமைத்ததையும் இரண்டே ஆண்டுகளில் திருத்தினார்கள். முதலில் முப்பதிலிருந்து அறுபது என்றிருந்த வயது வரம்பு, பின்னர் முப்பத்தைந்திலிருந்து எழுபது என்றாயிற்று.

இதனை நான் வியந்து சொல்வதுண்டு. ஒருமுறை எங்கள் இளையோர் குழுவை அங்கு அழைத்துச் சென்று விளக்கியபோது, கல்லூரி மாணவி ஒருவர், "நம்ம காலனியிலிருந்து அன்னைக்கு யாராவது ஓலையில பேர் எழுதியிருக்க முடியுமா ஃபாதர்?" என்று கேட்டார். முடியாது. வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் உடையவர், சொந்த மனையில் வீடு கட்டியவர், வேதம் கற்றவர் என்பனவே தகுதிகள். பெண்களுக்கும் அந்த நிலத்தை உழுதவர்களுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. அச்சபையோர் அவர்களை வெறுத்து அன்றாடம் ஒதுக்கினார்கள் என்று சொல்ல என்னிடம் சான்றில்லை. ஒதுக்கவேண்டிய தேவையே அவர்களுக்கு இல்லை. அமைப்பே அதைச் செய்தது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1987இல் எழுதிய 'சமூக அக்கறை' பற்றிய சுற்றுமடலில் 'பாவக் கட்டமைப்புகள்' என்று சொன்னது இதைத்தான். அவற்றின் வேர் எப்போதும் மனிதரின் தனிப்பட்ட செயலில் இருப்பதாகவும் அவர் எழுதுகிறார். யாரோ ஒரு நாள் உட்கார்ந்து அமைத்தார்கள். பின் வந்தவர்கள் அழுத்திக்கொண்டே இருந்தார்கள்.

அந்த மாணவியின் கேள்வி கோவில் சுவரோடு நிற்கவில்லை. பங்குப் பேரவையில் யார் முதலில் பேசுகிறார், கல்லறைக்கு எந்தத் தெரு வழியாகச் செல்கிறோம், திருவிழாத் தேர் எந்தத் தெருவைக் கடைசியில் அடைகிறது என்பவற்றையும் யாரோ அமைத்திருக்கிறார்கள். 'வழக்கம்' என்று சொல்லிவிட்டால் அமைத்தவரின் முகம் மறைந்துவிடுகிறது. இங்கு வந்த ஆண்டில் தேரின் வழியை மாற்ற முயன்றேன். அதில் ஏற்பட்ட வருத்தங்களைப் பற்றி இன்னொரு முறை எழுதலாம்.

மூதாட்டியின் அடக்கம் முடிந்த இரவில் மூன்றாம் பொத்தானைப் பழையபடி பட்டியலுக்கே மாற்றினேன். அடுத்த ஆண்டு தியானத்திற்குச் சென்றிருந்தபோது கருவியின் மின்கலங்கள் தீர்ந்து, அதில் இருந்தவை யாவும் அழிந்துபோயின. மறையுரைகளும் போயின, பெயர்களும் போயின. புதிய மின்கலங்களை இட்டபோது நான்கு பொத்தான்களும் முதல்நாள் போலவே நின்றன. கருவி இன்னும் என் மேசையில் இருக்கிறது, இயங்கவில்லை.

இப்போது நோயாளிகளின் பெயர்களைத் தாளில் எழுதிச் சக்கிரீஸ்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைக்கிறேன். அதைத் திறக்காமல் திருவுடை எடுக்க முடியாது; பார்க்காமல் திருப்பலிக்குப் போக முடியாது. முதல் சில வாரங்கள் இது நன்றாகவே நடந்தது. பிறகு ஒரு நாள், கதவைத் திறந்து திருவுடையை எடுத்து மூடியபின், தாளைப் பார்த்தேனா என்று எனக்கே நினைவில்லை. அதனால் மாதந்தோறும் பழைய தாளைக் கிழித்துவிட்டு, எல்லாப் பெயர்களையும் முதலிலிருந்து என் கையால் எழுதுகிறேன். இம்மாதம் பதினேழு பெயர்கள். உபதேசியார் அதைக் கணினியில் அச்சிட்டுத் தருவதாகச் சொன்னார், வேண்டாம் என்றேன்.