யார் கணக்கில் பற்று?

பி.காம். முதல் வருஷத்தில் சொல்லிக் கொடுக்கிற பால பாடம் ஒன்று உண்டு. பெறுபவர் கணக்கில் பற்று எழுது, கொடுப்பவர் கணக்கில் வரவு வை. கேட்க சுலபம். கொடுத்தவர் யார், பெற்றவர் யார் என்பதில் குழப்பம் வந்தால்தான் சிக்கல்.

ஓசூர் பக்கம் போய்ப் பார்க்கலாம். கிருஷ்ணகிரி மாவட்டம் பாலிகானப்பள்ளியில் ‘சாந்தி பவன்’ என்று ஓர் உறைவிடப் பள்ளி இருக்கிறது. அமெரிக்காவில் தொழில் செய்து சம்பாதித்த ஆபிரகாம் ஜார்ஜ் 1997-ல் ஆரம்பித்தது. பரம ஏழைக் குடும்பங்களிலிருந்து வீட்டுக்கு ஒரு பிள்ளை. சுமார் நான்கு வயதில் உள்ளே வந்தால் சாப்பாடு, படிப்பு, கல்லூரி என்று முதல் வேலை கிடைக்கும்வரை பள்ளிதான் பொறுப்பு. அங்கே படித்த ஐந்து பெண்களை ஏழு வருஷம் பின்தொடர்ந்து எடுத்த ஆவணப்படம் 2017-ல் நெட்ஃபிளிக்ஸில் வந்தது.

இந்த மாதிரி இடங்களுக்கு வெளிநாட்டு மாணவர்கள் தன்னார்வலர்களாக வருவது வழக்கம். அப்படி ஓர் இருபது வயதுப் பெண் ஏதோ ஓர் அமைப்புக்கு எட்டு வாரம் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். இங்கிலீஷ் பேசப் பழக்குகிறாள். கதை வாசிக்கிறாள். கிளம்புகிற அன்று பிள்ளைகள் அழ, அவளும் அழுகிறாள். ஊர் போய்ச் சேர்ந்ததும் பயோடேட்டாவில் ஒரு வரி ஏறுகிறது.

“ஊர் சுத்திப் பாக்க வந்துட்டு சேவைன்னு பேர் வெச்சுக்கறாங்க சார்” என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. மனசு சுத்தமா என்று சோதித்துவிட்டுத்தான் தர்மம் வாங்குவோம் என்றால் நாட்டில் பாதி அன்னதானம் நின்றுபோகும். பயோடேட்டாவுக்காகச் சொல்லிக் கொடுத்தாலும் இங்கிலீஷ் இங்கிலீஷ்தான்.

என் கவலை வேறு. கணக்கு மாற்றி எழுதப்படுகிறதே!

எல்லையோர ஊர் அது. வீட்டில் தெலுங்கு, பள்ளியில் தமிழ், சந்தையில் கன்னடம் என்று சமாளிக்கிற சிறுமிகள் அங்கே சர்வசாதாரணம். அவளிடமிருந்து வந்தவள் கற்றுக்கொண்டு போவது கொஞ்சமா? எட்டு வாரம் வந்தவள் பெயர் நோட்டீஸ் போர்டில். பதினேழு, பதினெட்டு வருஷம் கூடவே நிற்கிற வார்டனின் பெயர்? ஒன்பதாவது வாரம் “அக்கா எப்ப வருவாங்க?” என்று கேட்கிற குழந்தைக்குப் பதில் சொல்ல வேண்டியவரும் அந்த வார்டன்தான். பாசத்தைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறதே, அந்தக் குழந்தை எந்தப் பக்கம்?

இந்தத் தப்புக் கணக்கு முற்றினால் என்ன ஆகும் என்பதற்குக் கம்போடியா உதாரணம். சேவை செய்ய வெளிநாட்டினர் வரவர அங்கே அநாதை இல்லங்கள் பெருகின. உள்ளே போய்ப் பார்த்தால், பெரும்பாலான குழந்தைகளுக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள். கொடுக்க ஆள் வரிசையில் நின்றால், பெறுவதற்கு ஆளைத் தயார் செய்ய யாராவது கிளம்பிவிடுகிறார்கள்.

அப்படியானால் வரவே கூடாதா? கிருஷ்ணகிரியிலிருந்து பஸ் ஏறினால் வேலூர். 1890-ல் ஐடா ஸ்கடர் என்ற இருபது வயதுப் பெண் அமெரிக்காவிலிருந்து திண்டிவனத்துக்கு வந்தார். நோயாளி அம்மாவைப் பார்த்துக்கொண்டு திரும்பிவிடுவதாகத்தான் திட்டம். ஒரே இரவில் மூன்று பெண்களுக்குப் பிரசவச் சிக்கல். ஐடாவின் அப்பா டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார்கள் கணவன்மார்கள். மூன்று பெண்களும் பிழைக்கவில்லை.

ஐடா அந்த இரவைத் தன் கணக்கில் பற்று எழுதிக்கொண்டார் என்றுதான் நான் நினைக்கிறேன். ஊருக்குப் போய் மருத்துவம் படித்து, 1900-ல் வேலூர் திரும்பினார். 1918-ல் அங்கே பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி தொடங்கினார். இன்றைய சி.எம்.சி.யின் ஆரம்பம் அது. இந்த ஊர்ப் பெண்களே டாக்டரானார்கள். 1960-ல் அவர் காலமானார். வேலை நிற்கவில்லை.

எல்லோரும் ஐடா ஆக முடியாது, தேவையும் இல்லை. இப்போது நம் வீட்டுப் பிள்ளைகளும் லீவில் ஏதாவது தொண்டு நிறுவனத்துக்குப் போகிறார்கள். போகட்டும். திரும்பி வந்ததும் “என்ன கொடுத்துட்டு வந்தே?” என்று கேட்காதீர்கள். “என்ன வாங்கிட்டு வந்தே, எப்பத் திருப்பித் தரப்போறே?” என்று கேளுங்கள்.