குழுவுக்கு வரும் ஆணையும் தனிப்பொறுப்பும்

யூனிக்ஸ் வழிவந்த இயக்குதளங்களில், ஓடிக்கொண்டிருக்கும் நிரலாகிய செயல்முறை ஒவ்வொன்றும் தன்னை ஈன்ற செயல்முறையின் குழுவிலேயே பிறக்கிறது. முனையத்தில் கண்ட்ரோல்-சி அழுத்தப்பட்டால், 2 என்னும் எண்ணுடைய குறுக்கீட்டுச் சமிக்ஞை, பிழை செய்தது எது, செய்யாதது எது என்று பாராமல், அந்த முனையத்தின் முன்னணியில் இயங்கும் குழு முழுவதற்கும் செல்கிறது. மனிதரிடையேயும் இதே கேள்வி எழுகிறது: பிறப்பால் வந்த உறுப்புரிமைக்காக ஒருவர் விளைவைச் சுமப்பது நீதியா? நாஜி ஆட்சி வீழ்ந்த ஜெர்மனியில், 1946-இல், மெய்யியலாளர் கார்ல் யாஸ்பர்ஸ், அரசியல் பொறுப்பு குடிமக்கள் அனைவரையும் சேரும் என்றும், ஒழுக்கக் குற்றம் தனிமனிதரின் மனச்சான்றுக்கே உரியது என்றும் பிரித்துக் காட்டினார். இந்தப் பிரிவினை இன்றியமையாதது. செயல்முறைகளிலும் இதைக் காணலாம்: சமிக்ஞை குழுவுக்கு வந்தாலும், அதைப் பிடித்து, திறந்த கோப்புகளை மூடிவிட்டு முடிவதா, புறக்கணிப்பதா என்பதை ஒவ்வொரு செயல்முறையும், தன் நிரல் வகுத்தபடி, தனித்தே தீர்மானிக்கிறது. 9-ஆம் எண்ணுடைய கொல்லும் சமிக்ஞையோ அந்தத் தேர்வையும் பறித்துவிடுவதால், அப்போது பொறுப்பு முழுவதும் ஏவியவரையே சேர்கிறது.