வரவுக்குள் செலவு

வரவுக்குள் செலவு செய் என்பது குடும்பஸ்தனுக்குச் சொல்லும் புத்திமதி. ஒழுக்கத்தின் தோற்றம் அதற்கு இருப்பதால், அதையே ஒரு போட்டியின் விதியாக வைத்தால் யாருக்கு என்ன ஆகும் என்று நாம் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. கேட்காமலே ஒரு விதியை எழுதி, அதன் கீழ் கையெழுத்தும் போட்டேன்.

சில வருஷங்களுக்கு முன், திருப்போரூரில் பொங்கல் விடுமுறையில் நடந்த கால்பந்துப் போட்டிக்கு நான் கமிட்டிச் செயலாளர். சுற்று வட்டாரத்திலிருந்து பன்னிரண்டு அணிகள். அதற்கு முந்தைய வருஷம் ஒரு அணி, சென்னையிலிருந்து நான்கு பையன்களைக் கூலி பேசி இறக்கி, ஜெயித்து, பேசிய பணத்தைக் கொடுக்காமல் கைவிரித்துவிட்டது. பையன்கள் கோயில் குளத்துப் படியில் இரவு வரை உட்கார்ந்திருந்தார்கள். பஸ்ஸுக்கு நான்தான் காசு கொடுத்து அனுப்பினேன். அந்தக் கோபத்தில் எழுதிய விதி இது: எந்த அணியும் தன் ஊருக்குள் வசூலித்த தொகைக்கு மேல் ஆட்டக்காரர்களுக்குச் செலவிடக் கூடாது, கணக்கு நோட்டைக் காட்ட வேண்டும். எல்லோரும் நியாயம் என்றார்கள்.

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய ஓர் ஊர், மனை விற்றுக் கை நனைந்திருந்த ஊர், 80,000 ரூபாய் வசூலித்தது. கடலோரக் குப்பம் ஒன்றில் தேறியது 9,000. அந்தக் குப்பத்தில் பிறந்து துபாயில் வேலை பார்க்கும் ஒருவர் 40,000 அனுப்பியிருந்தார். அது ஊருக்குள் வசூலித்ததல்ல. விதிப்படி குப்பத்து அணியை நீக்கினேன். அணித் தலைவர் ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவர். சண்டை போடவில்லை. "வல வாங்கினாத்தான சார் மீனு? மீன் வித்த காசுலதான் வல வாங்கணும்னா, நாங்க எப்ப கடலுக்குப் போறது?" என்று மட்டும் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. என் கற்பனை என்று நான் நினைத்திருந்த விதி ஐரோப்பாவில் பெரிய அளவில் நடப்பில் இருப்பது பிறகுதான் தெரிந்தது. ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஈஎஃப்ஏ 2009இல் ஏற்ற விதியின் சாரம், கிளப் தன் வருமானத்துக்கு மீறிச் செலவு செய்யக் கூடாது என்பதே. 2022இல் அதைத் திருத்தினார்கள். 2025-26 பருவத்திலிருந்து, ஆட்டக்காரர்களுக்கான சம்பளமும் அவர்களை வாங்கும் செலவும் தரகும் சேர்ந்து வருமானத்தில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. எல்லோருக்கும் ஒரே 70. ஆனால் எதில் 70? நேற்று ஜெயித்தவனுக்கு இன்று வருமானம் அதிகம்; எனவே இன்றும் அவன் அதிகம் செலவிடலாம்; எனவே நாளையும் ஜெயிப்பான். சதவீதம் சமமாக இருப்பதால் அசமத்துவம் கண்ணில் படுவதில்லை.

இங்கிலாந்தில் இது இன்னும் அப்பட்டமாக வெளிப்பட்டது. முதல் பிரிவில் மூன்று வருஷங்களும் இருந்த கிளப்புக்கு அனுமதிக்கப்பட்ட நஷ்டம் 105 மில்லியன் பவுண்டு. நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் 23 வருஷங்களுக்குப் பிறகு 2022இல்தான் மேலே வந்தது. அம்மூன்றில் இரண்டு வருஷங்கள் கீழ்ப்பிரிவில் கழிந்ததால் அதற்கு 61 மில்லியன்தான். அதை மீறியதற்காக 2024 மார்ச்சில் 4 புள்ளிகள் பறிக்கப்பட்டன. விதியை மீறியது உண்மை. ஆனால் புதிதாக வந்தவனுக்குக் குறைந்த அளவும், இருப்பவனுக்கு நிறைந்த அளவும் தரும் மரக்காலை நியாயம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

மறுபக்கத்து வாதம் அற்பமானதல்ல. 1885இல் தோன்றிய பரி என்ற கிளப், பணப் பிரச்னையில் சிக்கி, 2019 ஆகஸ்டில் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்டது. முதலாளி கைவிட்டால் ஓர் ஊரின் நூறு வருஷ ஞாபகம் அனாதையாகிறது. குளத்துப் படியில் உட்கார்ந்திருந்த பையன்களும் இந்த வாதத்தின் சாட்சிகள்தான். இன்னொன்று: 2008இல் அபுதாபிப் பணம் மான்செஸ்டர் சிட்டியை வாங்கியது. துபாயிலிருந்து வந்த 40,000 ரூபாய்க்குக் கதவைத் திறந்தால் அதே கதவு வழியே ராஜ்யங்களும் நுழையும். இது எனக்கும் தெரிகிறது.

அப்படியானால் எல்லோருக்கும் ஒரே தொகை என்று உச்சவரம்பு வைக்கலாமே? நம் ஐஎஸ்எல்லில் அது இருந்திருக்கிறது. சில பருவங்களில் ஆட்டக்காரர் சம்பளத்துக்கு 16.5 கோடி ரூபாய். இது நேற்றைய வெற்றியைக் கேட்பதில்லை. அந்த மட்டில் மேலானது. ஆனால் அந்தச் சமத்துவம் மதிலுக்கு உள்ளே இருந்தவர்களுக்கு. 2018-19இல் சென்னை சிட்டி அணி கோயம்புத்தூரில் விளையாடி ஐ-லீகை வென்றது. அந்த வெற்றிக்கு மேல்லீகில் இடம் கிடைக்கவில்லை. ஐ-லீகை வென்றவர் மேலே போகலாம் என்ற வழி 2022-23 பருவத்தில்தான் திறந்தது. மதிலுக்குள் சமபந்தி நடப்பது வாசலில் நிற்பவனுக்கு நியாயமாகிவிடாது.

இப்பக்கங்களைப் படிக்கும் சிலருக்குக் கால்பந்து அன்னியமாக இருக்கலாம். அவர்கள் இந்த விதியைப் பத்திரிகைக்குப் பொருத்திப் பார்க்கட்டும். சந்தாவில் வந்த பணத்துக்கு மேல் ஒரு பத்திரிகை செலவு செய்யக் கூடாது என்று 1959இல் விதி இருந்திருந்தால் 'எழுத்து' எத்தனை இதழ் வந்திருக்கும்? சி.சு. செல்லப்பா கைப்பணத்தைப் போட்டு 1970 வரை அதை நடத்தினார். சிறு பத்திரிகை என்பதே வரவை மீறிய செலவு. அந்த விதியின்கீழ் தடையில்லாமல் பிழைத்திருக்கக் கூடியவை லட்சக்கணக்கில் விற்ற வார இதழ்கள்தாம். நம் இலக்கியத்தின் மாற்றங்கள் எந்தப் பக்கத்திலிருந்து வந்தன என்று இங்கே விளக்க வேண்டியதில்லை. இருந்தும் அதே கையால் அந்தக் குப்பத்துக்கு எதிராக நான் கையெழுத்திட்டேன். எனக்கு உறுத்துவது இதுதான்.

ஒரு விதி நியாயமானதா என்று அறிய இப்போது நான் ஒரு கேள்வியைத்தான் கேட்கிறேன்: அது கடன் ஏமாற்றத்தைத் தடுக்கிறதா, அல்லது வரிசையைக் காக்கிறதா? பையன்களைக் காப்பாற்ற நான் எழுதியிருக்க வேண்டிய விதி வேறு. பேசிய கூலியை ஆட்டத்துக்கு முன் கமிட்டியிடம் கட்டிவிட வேண்டும். பணம் எங்கிருந்து வந்தாலும் எல்லா அணிக்கும் உச்சவரம்பு ஒன்றே. நுழைய விரும்பும் எந்த ஊருக்கும் வாசல் திறந்திருக்கும். இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் மற்ற இரண்டும் கோணலாகும். கட்டிய பணம் ஏமாற்றைத் தடுக்கிறது. ஒரே வரம்பு ராஜ்யத்தையும் மனை விற்ற ஊரையும் சேர்த்துக் கட்டுகிறது. நான் எழுதிய விதி கட்டிப்போட்டதோ ஏழை அணி ஒன்றை மட்டும்.

அடுத்த வருஷக் கூட்டத்தில் இவற்றை முன்மொழிந்தேன். 80,000 வசூலித்த ஊர் எதிர்த்தது. "உழைச்சு சேர்த்த காசு, வரவுக்குள்ள செலவு பண்றோம், இதுல என்ன தப்பு?" என்றார்கள். வார்த்தை என்னுடையது, நான் கற்றுக் கொடுத்தது. ஓட்டெடுப்பில் என் திருத்தம் தோற்றது. செயலாளர் பதவியை விட்டேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, அதற்குள் செய்ய வேண்டிய தப்பைச் செய்து முடித்திருந்தேன்.

குப்பத்து அணிக்கு அழைப்புக் கொண்டு போனபோது, அணித் தலைவர் மணலில் உட்கார்ந்து வலை பொத்துக்கொண்டிருந்தார். புது வலை, வியாபாரியிடம் முன்பணம் வாங்கி எடுத்தது என்றார். ஆட்டத்துக்கு வருவீர்களா என்று கேட்டேன். நிமிராமலேயே, "விதிய மாத்திட்டீங்களா சார்?" என்றார்.