கழற்றித் துவைக்கும் அழகு

அம்மாவின் சுங்குடிப் புடவை உடல் பகுதியில் நைந்துவிட்டது. முந்தானையில் மட்டும், முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்த்த அந்த வெள்ளைப் புள்ளிகள் மங்காமல் இருந்தன. அதைச் சோபாத் தலையணைக்கு உறையாக்கினேன்.

16 அங்குலத் தலையணைக்கு முன்பக்கம் 17 அங்குலச் சதுரமாக ஒரே துண்டு. பின்பக்கம் 17-க்கு 11½ அங்குலத்தில் இரண்டு துண்டுகள். இரண்டிலும் ஒரு நீள ஓரத்தை அரை அங்குலமாக இருமுறை மடித்துத் தைத்தேன். நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க, மடித்த ஓரங்கள் நடுவில் நான்கு அங்குலம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைத்து, சுற்றிலும் அரை அங்குலம் விட்டு ஒரு தையல். மூலைத் துணியைக் குறுக்கே நறுக்கித் திருப்பினால் முனை எடுப்பாக நிற்கும். ஜிப்பும் வேண்டாம், பொத்தானும் வேண்டாம். பலமுறை துவைத்த துணி என்பதால் சுருங்கும் பயமும் இல்லை. புதுத் துணியென்றால் நனைத்துக் காயவைத்த பிறகே வெட்ட வேண்டும்.

தலை எண்ணெயும் வியர்வையும் உறையோடு கழன்று வரும். உள்ளே பஞ்சு வெள்ளையாகவே இருக்கும். வீட்டுக்கு அழகு சேர்க்கும் பொருள் துவைக்கவும் தோதாக இருந்தால்தான் அந்த அழகு நிலைக்கும்.

இன்று பீரோவைத் திறந்து பாருங்கள். உடுத்த முடியாத ஒரு நல்ல புடவை, இன்னொரு வாழ்வுக்காகக் காத்திருக்கும்.