ஆறுதலும் தேறுதலும்

தேவ்நாரில் நம்மவர் வீடொன்றில் சாவு நேர்ந்தால், அக்கம்பக்கத்தார் துக்கம் விசாரிக்க வருகின்றனர். வருவோருட் பலர் கூறுவது, "எல்லாம் முன்வினை, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள்" என்பதே. இஃது ஆறுதலாகுமா என்பதைச் சிறிது ஆராய்வோமாக.

ஆறுதலாவது வெம்மை தணிதல். சோறு ஆறுகிறது, சினம் ஆறுகிறது, புண்ணும் நாளடைவில் ஆறுகிறது. தேறுதலாவது தெளிதல். தேற்றாங்கொட்டையை இழைத்த குடத்திற் கலங்கல் நீரை ஊற்றினால், மண் அடியிற் படிய நீர் தெளியும். ஆறுவது நெஞ்சின் கொதிப்பு; தேறுவது அறிவின் கலக்கம்.

சாவத்தி நகரில் மகவை இழந்த கிசா கோதமி, அதன் உடலைச் சுமந்து மருந்து தேடி அலைந்தாள். பகவன் அவளை இகழ்ந்தாரில்லை. முன்வினையென்று கூறி அனுப்பினாருமில்லை. சாவு நேராத வீட்டிலிருந்து சிறிது கடுகு கொணரச் சொன்னார். வீடுதோறும் அவள் கேட்டாள். வீடுதோறும் ஓர் இழப்பைச் சொன்னார்கள். பிறர் வந்து துக்கம் விசாரிக்க வேண்டியவள், தானே ஊரார் துக்கத்தை விசாரித்தாள். அவ்வழியே நெஞ்சும் ஆறிற்று, அறிவும் தெளிந்தது.

முன்வினை என்னும் சொல் இவ்விரண்டையும் செய்வதில்லை. தேவ்நார்க் குப்பைமேடு 1927ஆம் ஆண்டு தொடங்கியது. 2016 சனவரி இறுதியில் அங்கு மூண்ட தீயின் புகை நகரின் பல பகுதிகளைச் சூழ்ந்தது. அத்தகைய புகையால் நெஞ்சுநோயுற்று இறந்த குழந்தையின் தாயிடம் முன்வினையென்றால், அவள் துயரத்தின்மீது பழியையும் ஏற்றுகிறோம், புகையையோ மறந்துவிடுகிறோம். நுகரும் துன்பமெல்லாம் முன்வினைப் பயனே என்பாரைப் பகவன் மறுத்தார். பித்தத்தாலும் வாதத்தாலும் பருவ மாறுதலாலும் துன்பம் வருமென்று மோலிய சீவகனுக்கு அவர் விளக்கியது சம்யுத்த நிகாயத்தில் உள்ளது. இழிவைப் பொறுத்திருக்கும்படி தலைமுறைதோறும் நமக்கு ஊட்டப்பட்ட 'ஆறுதல்' இம்முன்வினைதானன்றோ? அதை நாமே நம் அண்டைவீட்டாருக்கு ஊட்டலாமா?

அங்ஙனமாயின், இழவு வீட்டிற் காரணங்களை ஆராய்ந்து பேசுவதோவெனின், அன்று. முதல்நாள் ஆற்றுதற்குரிய நாள். அடுப்பெரியாத அவ்வீட்டிற்குக் கஞ்சி கொண்டு செல்லுக, தேநீரை ஆற்றிக் கையிற் கொடுக்க, அருகில் அமர்க. பேச்சு வேண்டுவதில்லை. தேற்றுதற்குரிய நாள் பின்னர் வரும். அன்று அவர் ஏனென்று வினவினால் உண்மையைச் சொல்லுக. நீக்கத்தக்க காரணமாயின், அதனை நீக்குதற்கு அவரோடு நிற்க. நீக்கவொண்ணாததாயின், நம் வீட்டு இழப்பையும் அவரிடம் கூறுக.

ஆறாத நெஞ்சில் உண்மை ஏறாது. ஆனால் நெஞ்சு ஆறிய பின்னும் உண்மையை மறைப்போமாயின், நாம் துக்கம் விசாரித்தவர்களாக மாட்டோம்.